சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

என் வலது தோளில் எப்போது வலி வந்தாலும் அதற்குக் காரணம் நான்தான் என்று, உடம்பு உருவிவிடுகிற நாகையா பதினான்கு வருஷமாகச் சொல்லிவந்தார். மழைக்காலத்தில் தோள் குடைந்தால் காரணம் நான். என்ஜினில் கரி அள்ளி நரம்பு பிடித்துக்கொண்டால் காரணம் நான். ஒரு தடவை பாசார் சந்தைப் பக்கம் மாட்டுவண்டிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து நுகத்தடியால் இடித்துத் தள்ளிவிட்டான். தோள் பலாக்கொட்டை மாதிரிப் புடைத்துக்கொண்டது. அதற்கும் வண்டிக்காரன் காரணமில்லை. "அன்னைக்கி நீ சொன்ன சொல்லுதான்டா இன்னைக்கி வந்து இடிச்சிருக்கு" என்றார்.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? கெட்ட வார்த்தையா? சாபமா? ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மானமுள்ள மனுஷன் எவனும் சொல்லுகிற சொல்லைத்தான் சொன்னேன். அதைச் சொன்ன குற்றத்துக்கு, நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்க என் பெயர் கெட்டது. அவர் இப்போது இல்லை. எழுந்து வந்து மறுத்துப் பேசமாட்டார் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் தடவை உடம்பு உருவிக்கொள்ளப் போகிறவனுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று இந்த ஊரில் எவனும் சொல்லித் தருவதில்லை. போய்வந்தவனெல்லாம், "போயிப் பாரு, தெரியும்" என்று சிரிக்கிறான். தான் பட்டதை அடுத்தவனும் படவேண்டும் என்கிற நல்லெண்ணம். எனக்கு அந்த நல்லெண்ணம் குறைச்சல்.

அப்போது நான் ரயில்வேயில் என்ஜின் துடைக்கிற கிளீனராக இருந்து தற்காலிக பயர்மேனாக ஏறியிருந்தேன். பயர்மேன் வேலையில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு கௌரவமாக நிற்பார். பயர்மேன் பின்னால் குனிந்து கரியை அள்ளி அடுப்பு வாயில் எறிந்துகொண்டே இருப்பான். பத்து ஆராங் சுரங்கத்துக் கரி சுருக்காக எரிந்து தீரும். ஆகையால் நிமிர்ந்து நின்று ஊர் பார்க்கிற பாக்கியமெல்லாம் டிரைவருக்குத்தான். ஒருநாள் கிள்ளான் லைனில் போகும்போது கரிவாரி தரைத்தகட்டின் விளிம்பில் போய் மாட்டிக்கொண்டது. வாரி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. தோளுக்குள் ஈரக் கயிற்றைச் சுண்டினாற்போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு வலது கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவழியிலேயே நின்றுவிடும்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் துரை எங்கள் என்ஜினில் ஏறுவதாக இருந்தது. காஜாங் வரைக்கும் கூடவே வந்து நான் நெருப்பைக் காப்பாற்றுகிற லட்சணத்தைப் பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், ரயில்வேக்காரர்கள் குடியிருக்கிற லைனில் வீடு. பிடிக்காவிட்டால் பழையபடி கந்தைத்துணியும் எண்ணெயுமாக என்ஜினுக்கு அடியில் போய்ப் படுக்கவேண்டியதுதான். கிளீனருக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு கிடையாது. என் வீட்டுக்காரி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். ஒண்டுக்குடித்தனம் இருந்த இடத்திலோ, குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் சட்டிபானையை வெளியே வைத்துவிடுவேன் என்று வீட்டுச் சொந்தக்காரன் முன்கூட்டியே ஆசீர்வாதம் செய்திருந்தான்.

எங்கள் டிரைவர் சபாபதி அண்ணன் என் கையைப் பார்த்தார்.

"நாகையாகிட்ட போடா."

"யாருண்ணே அது?"

"உருவி வுடறவரு. ஆத்தோரம், செங்கச் சூளைக்குப் பின்னால. போயி உருட் நாகையான்னு கேளு, மலாய்ல உருவறதுக்கு உருட்டும்பாங்க. மலாய்க்காரன், சீனன், யாரைக் கேட்டாலும் காட்டுவான்."

"வலிக்குமாண்ணே?"

"இப்ப என்ன, இனிக்குதா?"

"என்ன செய்வாரு?"

"போயிப் பாரு. வெறும் வயித்துல போ. கைலி கொண்டு போ. அவரு குடுக்கற கைலிய மட்டும் கட்டிறாத."

"ஏண்ணே?"

"கட்டுனவன் யாரும் அதுக்கப்புறம் கல்யாண வீட்டுக்குப் போனதில்ல. ஆளு வர்றதுக்கு முன்னாடியே வாசனை போயிரும்."

கைலியைப்பற்றி இவ்வளவு அக்கறையாகச் சொன்ன மனுஷன், சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு அது தனிக் குறை.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. வாசலில் நாகையாவின் சம்சாரம் நல்லம்மாள் முறத்தில் நொச்சி இலை உருவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"என்ன நீ?"

"ரயில்வேயில வேலைங்க. பயர்மேனு."

"உத்தியோகத்தை யாரு கேட்டா? எங்க வலி?"

"தோளு."

"இந்தாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "தோளு ஒண்ணு வந்திருக்கு!"

அத்தோடு சரி. என் அப்பா ஜோசியம் பார்த்து வைத்த பெயர் அந்த வாசலோடு போயிற்று. அந்த வீட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. திண்ணென்று ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார், அவர் முட்டி. உள்ளே ஓர் இடுப்பு உயிர் போகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் வேணும்னா நாளைக்கி..." என்றேன்.

"நாளைக்கிச் சத்தம் கம்மியா இருக்கும்னு யாரு சொன்னா? உக்காரு."

கொஞ்ச நேரத்தில் அந்த இடுப்பு வெளியே வந்தது. சரக்கு மூட்டை தூக்குகிற ஆள். எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நல்லம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்துத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, பட்டாளத்துக்காரன் மாதிரி நேரே பார்த்து நடந்து போய்விட்டது. என்ன திமிர் பிடித்த ஆள், வைத்தியம் செய்துகொண்டு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகக்கூடாதா என்று நினைத்தேன். எனக்கு மரியாதை தெரியும் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கட்டில் இல்லை, மெத்தை இல்லை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய சிலீப்பர் கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டு, மேலே ஒரு பாய். பகலெல்லாம் தண்டவாளத்துக்கு மேலே இருக்கிற எனக்கு அன்று தண்டவாளத்தின் இடம். நாகையா குள்ளம். வயிறு முன்னால், கை அதற்கும் முன்னால். முழங்கைக்குக் கீழே எல்லாருக்கும் இருக்கிற சதை அவருக்கு மட்டும் இரட்டிப்பு. சூளையில் செங்கல் தூக்கித் தூக்கி விரல் நுனியில் ரேகையே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. கைநாட்டு வைத்தால் வெறும் மை அப்பினாற்போல விழும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"குப்புறப் படு" என்றார். படுத்தேன். என் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். நாக்கால் 'த்தோ, த்தோ' என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

"அண்ணே, வலி தோளுல."

"தோளு எதுமேல நிக்குது?"

நான் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.

"காலுமேலதானே? இல்ல ஆகாசத்துல கொக்கி போட்டுத் தொங்குதா?"

அதற்குப் பிறகு நான் காலைப்பற்றிப் பேசவில்லை. பாதத்திலிருந்து முழங்கால், இடுப்பு, முதுகு என்று எண்ணெய் போட்டு ஏறிவந்தார். முதல் தடவை போகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாகையா கேள்வி கேட்பார். கல்யாணம் ஆயிருச்சா? மாமனாரு எந்தத் தோட்டம்? செமினியா, அங்க தண்ணி நல்லாருக்குமே? மரியாதைக்குப் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறப்பீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பெருவிரல் இறங்கும். "ஆமாங்க" என்று ஆரம்பித்தது "ஆஆ" என்று முடியும். வெளியே பெஞ்சியில் இருக்கிறவனுக்கு அது போதும்.

கடைசியில் தோளுக்கு வந்து சேர்ந்தார். பிடித்தார். இடது தோளை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் கை மாறிப் போயிருக்கும், திருத்திக்கொள்வார் என்று. திருத்திக்கொள்ளவில்லை.

"அண்ணே, வலி வலது பக்கம்."

"தெரியும்."

"நீங்க பிடிக்கிறது இடது."

"அதுந் தெரியும். கண்ணு இருக்கு."

"இதுல வலியே இல்லண்ணே."

"இரு, வரும்" என்றார். வந்தது.

வலிக்கிற கையோடு போனவனுக்கு வலிக்காத கையையும் வலிக்கப் பண்ணுகிறார். திங்கட்கிழமை துரைக்கு முன்னால் பல்லாலா கரி அள்ளுவேன்? எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வலியில்தான், வேறு எதனாலும் இல்லை. வீடு, வேலை, வீட்டுக்காரியின் வயிறு எல்லாவற்றையும் அந்தச் சிலீப்பர் கட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லித் தீர்த்தேன். நாகையா கையை நிறுத்தாமல் கேட்டார்.

"வண்டிமாடு பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"ஒரு காலு நொண்டுனா எந்தக் காலைப் பாப்ப?"

"நொண்டற காலை."

"அதான் நீ மாடு வெச்சுக்கல. நொண்டாத காலைத்தான்டா மொதல்ல பாக்கணும். பாரமெல்லாம் அதுமேலதான ஏறி நிக்குது? அதுவும் வுட்டுப்போச்சுன்னா மாடு படுத்துக்கும். இந்தக் கை இப்ப ரெண்டு கை வேலை செய்யுது. திங்கக்கிழமை இதுதான் கரி அள்ளப் போவுது. அது தூங்கட்டும்."

"நான் மாடு இல்லண்ணே."

"மாடா இருந்தா இந்நேரம் பேசாம இருந்திருக்கும்."

பிறகு சூளையிலிருந்து கொண்டுவந்த சூட்டுச் செங்கல்லை, நொச்சி இலையோடு ஈரச் சாக்கில் சுற்றி என் இடது தோளில் வைத்தார். பிரிக்பீல்ட்ஸ் செங்கல் எங்கெங்கேயோ மாளிகையாக நிற்கிறது என்பார்கள். என் முதுகில் நின்றதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வலது தோளை ஒரே ஒரு தடவைதான் தொட்டார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்து, எடுத்துவிட்டார்.

"எந்திரி. இன்னைக்கிக் குளிக்காத. கஞ்சி குடி. திங்கக்கிழமை வலது கை கரிவாரியோட நுனியச் சும்மா புடிச்சிருக்கணும். தூக்கறதெல்லாம் இடது. நாளைக்கி வீட்ல தொடப்பக்கட்டைய வெச்சுப் பழகு."

எழுந்தேன். கைலியை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டேன். வெற்றிலைத் தட்டில் வைக்கவேண்டியதை வைத்தேன். எனக்கு மரியாதை தெரியும் என்றேன் அல்லவா? வாசற்படியில் நின்று, திரும்பி, இடது கையை மார்பில் வைத்துக் குனிந்து சொன்னேன்.

"அப்ப நான் போயிட்டு வரேண்ணே. வரேன்க்கா."

நல்லம்மாளின் மடியிலிருந்து முறம் விழுந்தது. பெஞ்சியிலிருந்த சீன முட்டி எழுந்து நின்றுவிட்டது.

"ஐயையோ, சொல்லிட்டான்!" என்றாள் நல்லம்மாள்.

நாகையா எண்ணெய்க் கையோடு வெளியே ஓடிவந்தார். "என்னடா சொன்ன?"

"போயிட்டு வரேன்னு..."

"மறுபடி சொல்லாத! நாசமாப் போச்சு. எவன்டா உன்னை அனுப்புனவன்? சபாபதியா? அவன் சொல்லல? உருவுற வாசல்லேர்ந்து சொல்லிக்கிட்டா போவாங்க? நீ வரேன்னா வலியும் வரேன்னு சொல்லும்டா. கூடத்தானே நிக்குது, அது காதுல வுழாதா?"

"மரியாதைக்குண்ணே..."

"மரியாதைய சம்பந்தி வீட்ல வெச்சுக்க. இங்க வேலை முடிஞ்சா சாவு வீட்லேர்ந்து போறாப்புல போகணும். காலைக் கழுவு, திரும்பிப் பாக்காத, வாயத் தொறக்காத. என் வாசலுக்கு எவனும் ரெண்டாந்தரம் வரக்கூடாது. வந்தான்னா எனக்கு அவமானம்."

"இப்ப வேணும்னா வரமாட்டேன்னு சொல்லிரட்டுமாண்ணே?"

"சொன்னது சொன்னதுதான்" என்று நல்லம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டாள். "இந்தத் தோளு திரும்பத் திரும்ப வரும், பாத்துக்கிட்டே இருங்க."

இந்த வியாபாரத்தை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மீன்காரன் நாளைக்கும் வா என்கிறான். துணிக்கடை ராவுத்தர் பெருநாளுக்கும் வா என்கிறார். வந்த ஆளை இனிமேல் வராதே என்று அனுப்பிப் பிழைக்கிற மனுஷனை நான் பார்த்தது அங்கேதான். பிழைப்பும் அதற்கேற்ற மாதிரித்தான் இருந்தது.

ஞாயிறு முழுக்க வீட்டில் துடைப்பக்கட்டையால் இல்லாத கரியை அள்ளினேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "உருவ வேண்டியது தோளை இல்ல போலிருக்கே" என்றாள்.

திங்கட்கிழமை துரை ஏறினார். நான் வலது கையை வாரியின் நுனியில் விருந்தாளி மாதிரி உட்காரவைத்துவிட்டு, இடது கையால் அள்ளினேன். முதல் வாரி பாதி உள்ளே, பாதி என் காலில். சபாபதி அண்ணன் என் பக்கம் திரும்பாமல் தொண்டையைச் செருமினார். சுங்கை பீசி தாண்டி ஏற்றம் வந்தபோது ஆவி காட்டுகிற முள் மெதுவாக இறங்கியது. துரை கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கவில்லை, முள்ளை மட்டும் பார்த்தார். என் வீடு அந்த முள்ளின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. இடது கை அன்று செய்தது எனக்கே புதுசு. அது என் கை மாதிரியே இல்லை. சனிக்கிழமை அடிவாங்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் அடுப்பு வாயில் கொட்டியது. முள் நின்றது. பிறகு ஏறியது. காஜாங்கில் துரை இறங்கும்போது சபாபதி அண்ணனிடம் ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"இடதுகைக்காரன் நல்லா வேலை செய்யறான்னாரு. வாய மூடிக்கிட்டு இரு. நீ இனிமே இடதுகைக்காரன்."

வேலை நிரந்தரமாயிற்று. லைனில் வீடு கிடைத்தது. மகன் அங்கே பிறந்து, யாரும் சட்டிபானையை வெளியே வைக்காத வீட்டில் இஷ்டத்துக்குக் கத்தினான். இதில் நாகையாவுக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். சொல்லப்போன அன்றைக்கு வலது தோளில் கொஞ்சம் வலியும் இருந்தது. அவ்வளவுதான். "பாத்தியாடி, வந்திருச்சு!" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து நான் ஒரு காட்சிப்பொருள். புதிதாக எந்த முட்டி, எந்தக் கழுத்து வந்தாலும், நான் அங்கே இருந்தால் நாகையா காட்டுவார். "இந்தா இருக்காரு பாத்துக்குங்க. மொதல் தரம் வந்தன்னைக்கி வரேன்னு சொன்னவரு. இன்னைக்கி வரைக்கும் வந்துக்கிட்டே இருக்காரு." அவர்கள் என்னைப் பெருநோய்க்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். கடைசியில் நானே வாசலில் உட்கார்ந்து புது ஆட்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். வெறும் வயிறு. சொந்தக் கைலி. கேள்வி கேட்டால் பதில் சொல்லாதே. வலிக்காத பக்கம்தான் முதலில், அதற்காக அழாதே. போகும்போது சொல்லிக்கொள்ளாதே. செய்கூலி இல்லாத உத்தியோகம்.

அவர் எங்கே இந்த வித்தையைக் கற்றார் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில். ஒருநாள் நெல்லூரில் ஒரு பயில்வான். ஒருநாள் கிள்ளானில் ஒரு மலாய் உருட்டுக்காரர். மழை பெய்கிற நாளில் கனவில் முனியாண்டி. நல்லம்மாள் ஒருநாள் உண்மையை உடைத்தாள். "எந்தப் பயில்வானும் இல்ல தம்பி. கேரி தீவுத் தோட்டத்துல சின்ன வயசுல வண்டிமாட்டுக்கு எண்ணெ போட்டு உருவுன கை. அப்புறம் சூளை வண்டிமாடு. மாட்டுலேர்ந்துதான் மனுசனுக்கு வந்தாரு. மாடே தேவலைன்னு இன்னமும் சொல்றாரு." த்தோ, த்தோ என்கிற சத்தத்தின் ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. கிளார்க்கு, கங்காணி, கடைமுதலாளி எல்லாரும் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு அடங்கிக் கிடந்ததை நினைக்க எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. நான் மட்டும் இல்லை.

அவர்களுக்கு மகள் ஒருத்தி. அதே கேரி தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பொங்கலுக்கு வரேம்பா என்று சொல்லிவிட்டுப் போவாள். எந்தப் பொங்கல் என்று சொல்வதில்லை. அந்த வீட்டு வாசலில் வரேன் என்று சொல்ல அனுமதி பெற்றவள் அவள் ஒருத்திதான். அவள்தான் வருவதில்லை. ஆற்று வெள்ளம் வந்து பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தண்ணீரில் நின்ற வருஷம், அப்பனும் அம்மாவும் இருக்கிறார்களா போய்விட்டார்களா என்று பார்க்க மருமகன் மட்டும் வந்தான். வந்தவன், கழுத்து பிடித்திருக்கிறது என்று உருவிக்கொண்டு போனான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அதில் மட்டும் மாமனார் பேச்சைக் கேட்டான்.

என் தோள் சரியாயிற்றா என்று கேட்பீர்கள். சரியாயிற்று என்றுதான் நினைக்கிறேன். நான் டிரைவராகி, முன்னால் பார்த்துக்கொண்டு கௌரவமாக நிற்க ஆரம்பித்த பிறகு வலி அவ்வளவாக இல்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். வலி இல்லாத நாளில் போனால் வலிக்கிறது என்பேன். நாகையா விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். "இது பொய்த்தோளு" என்பார். அப்புறமும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பார். முடிந்ததும் நான் காலைக் கழுவிக்கொண்டு, வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். பழக்கத்தில் அது ராணுவ சலாம் மாதிரி ஆகிவிட்டது.

நல்லம்மாள் காய்ச்சலில் போனாள். அன்றைக்கு அந்த வாசலுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் எத்தனை இடுப்பு, எத்தனை முட்டி அவள் முறத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்று தெரிந்தது. மகளும் வந்திருந்தாள். எடுத்து முடித்து, குளித்து வந்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீடல்லவா, யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகளும் அப்படித்தான் போனாள். நாகையா பெஞ்சியில் உட்கார்ந்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடா தோளு" என்றார். "அத்தனை பேருக்கும் நாம சொல்லிக்குடுத்தது. ஒருத்தன் தப்புப் பண்ணல."

நான் போகவில்லை. போவதா இருப்பதா என்று தெரியாமல் அன்று சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்து நொச்சி இலை உருவிக்கொண்டிருந்தேன். அதுவும் தேவையில்லாத வேலைதான்.

அதற்குப் பிறகு கிழவர் வேலையைக் குறைத்துக்கொண்டார். கை நடுக்கம். பிறகு ஒரு பக்கம் மரத்துப்போய், அந்தச் சிலீப்பர் கட்டையிலேயே படுத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். "அங்க மெத்தை போட்டிருப்பான், முதுகு கெட்டுப்போவும்" என்றார். பக்கத்து வீட்டம்மா கஞ்சி கொடுத்தாள். நான் வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தோள் வலி என்று சொல்லிக்கொண்டுதான்.

கடைசியாகப் பார்த்தது ஒரு காலை நேரம். கிள்ளானுக்கு சரக்கு வண்டி ஓட்டவேண்டும். கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிப் போனேன். இடது கால் ஒரேயடியாக மரத்துவிட்டது என்றார். நான் கட்டையருகே உட்கார்ந்து எண்ணெயை எடுத்து வலது காலைப் பிடித்தேன்.

"டேய், மரத்தது இடது."

"தெரியும்ணே."

"நீ புடிக்கறது வலது."

"அதுந் தெரியும். கண்ணு இருக்கு."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. "எவன்கிட்டடா கத்துக்கிட்ட?"

"மாட்டுக்கிட்டதான்."

"எந்த மாடு?"

"இங்க படுத்திருக்கே, இதுகிட்ட. பேசிக்கிட்டே இருக்கும். மத்தபடி நல்ல மாடு."

அதற்கு அவரிடம் பதில் இருந்திருக்கும், மூச்சு இல்லை. கொஞ்ச நேரம் பிடித்துவிட்டேன். ஷெட்டிலிருந்து சங்கு ஊதியது. அவர் எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்த வேலை, ஒரு நிமிஷம் பிந்தினாலும் போர்மேன் வாயில் விழவேண்டிய வேலை, வெளியே நின்று கூப்பிட்டது. எழுந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டேன். குடத்துத் தண்ணீரில் காலைக் கழுவினேன். வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் வாசற்படிவரைக்கும் போய்விட்டேன்.

"டேய் தோளு."

நின்றேன். திரும்பவில்லை. திரும்பக்கூடாது.

"வண்டிக்கு நேரமாச்சா?"

"ஆச்சுண்ணே" என்று தெருவைப் பார்த்துச் சொன்னேன்.

"எப்பத் திரும்புவ?"

"நாளைக்கி மத்தியானம் ஆவும்."

மறுபடியும் சங்கு ஊதியது.

"வேலையக் கெடுத்துக்காத, போ" என்றார். "ஆனா மொதல் தரம் வந்தன்னைக்கி வாசல்ல நின்னு, திரும்பி, குனிஞ்சு சொன்ன பாரு. அந்த மாதிரி சொல்லிட்டுப் போடா."